நெற்றியில் ஒரு நங்கூரம்

"வீ...ல்ல்ல்!"

அந்த அலறல் 'மார்கரிட்டா' கப்பலின் நடுத்தளத்தில் கிளம்பி, பம்பாய் பல்லார்ட் பியர் கரையில் சாயா குடித்துக்கொண்டிருந்த கூலிகளின் காதுவரை போனது.

அலறியவள் மிஸஸ் ஹட்சின்ஸன். அமெரிக்கக்காரி. குளிக்கத் துண்டு வேண்டும் என்று மணியடித்துப் பார்த்தாள். யாரும் வரவில்லை. தானே எடுத்துக்கொள்ளலாம் என்று துணி அறைக்குப் போனாள்.

துண்டுகள் இருந்தன.

துண்டுகளுக்கு நடுவில் அறைப் பணியாளன், ஸ்டூவர்ட் லோபோவும் இருந்தான்!

மல்லாந்து படுத்து... கண்களை மூடி... கைகளை மார்பின்மேல் கோத்து...

கொழும்பிலிருந்து புறப்பட்ட நாள் முதல் அவளுக்குக் காப்பி கொண்டுவந்து, கொண்டுவந்ததற்கு இனாமும் கேட்டு வந்த லோபோ, இப்போது எதுவுமே கேட்கவில்லை. அதிலிருந்தே அவன் செத்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவன் நெற்றியின் நடுவே, சந்தனத்தில் பதித்து, ஒரு பித்தளை நங்கூரம் பளபளத்தது.

நங்கூரம் என்றால் கப்பலை நிறுத்துகிற நங்கூரம் அல்ல. அது மார்கரிட்டாவின் சொந்தக் காசு. ஒரு பக்கம் நங்கூரப் படம், மறுபக்கம் வழவழவென்று ஒன்றுமில்லை.

1948-ஆம் வருஷம் அந்த உல்லாசக் கப்பலில் ஏறியவர்கள் டாலர், பவுன், கொழும்பு ரூபாய், நம்மூர் ரூபாய் என்று ஆளுக்கொரு காசு வைத்திருந்தார்கள். கப்பலுக்குள் எதுவும் செல்லாது. பணத்தையெல்லாம் பார்த்துக்கொள்ளும் அதிகாரியான பர்ஸரிடம் கொடுத்து நங்கூரமாக மாற்றிக்கொள்ள வேண்டும். சோடாவுக்கு நங்கூரம். சவரத்துக்கு நங்கூரம். மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார நங்கூரம். எழுந்திருக்க மட்டும் இலவசம்.

கடைசியில் கையில் மிஞ்சினால்?

மிஞ்சினது மிஞ்சினதுதான். பர்ஸர் திருப்பி வாங்கமாட்டார். கரையில் அந்தப் பித்தளைக்கு ஒரு வெற்றிலைகூடக் கிடைக்காது.

இனாம் விஷயம் இன்னும் அழகு. சாப்பாட்டு அறையில் ஒரு பலகை தொங்கியது. 'ஊழியர்களுக்கு இனாம் கொடுப்பது பயணிகளின் சொந்த விருப்பம். விருப்பமில்லாதவர்களின் பெட்டிகள் கடைசியில் இறக்கப்படும். எங்கே இறக்கப்படும் என்பதற்குக் கம்பெனி பொறுப்பல்ல.'

இப்படிப்பட்ட கப்பலில் ஒரு ஸ்டூவர்ட் செத்துக் கிடந்தால், முதலில் யாரைச் சந்தேகப்படுவது? பயணிகள் எல்லாரையும்தான்!

பர்ஸர் ஹாப்கின்ஸ் வேறு மாதிரி சொன்னார். கப்பலில் கணக்குக்கும் அவர்தான், காய்ச்சலுக்கு டாக்டரும் அவர்தான். இரண்டு வேலைக்கு ஒரே சம்பளம். லோபோவின் நாடியைப் பிடித்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார், மாரடைப்பு என்றார். சவப்பெட்டி தயாராக இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் ஆணியடித்து இறக்கிவிடலாம் என்றும் சொன்னார். சவப்பெட்டி எதற்காக முன்கூட்டியே தயாராக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

காப்டன் ப்ரூம் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் இந்தக் கப்பலுக்குப் புதுசு. துப்பறியும் நாவல் ஒன்றைத் தலைமாட்டில் வைக்காமல் தூங்காத மனிதர். நெற்றியில் முத்திரை வைத்துக் கொல்வது கிழக்கு நாடுகளின் ரகசியச் சங்கங்கள் செய்கிற வேலை என்று பதினோராம் அத்தியாயத்தில் படித்திருந்தார்.

போலீசுக்கு ஆள் பறந்தது.

வந்தவர் துறைமுக போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் பஞ்சு. மாதுங்காவாசி. தமிழ் நன்றாகப் பேசுவார். படிக்கச் சொன்னால் கடைப் பலகையையே எழுத்துக் கூட்டுவார். கத்தியோடு நின்ற கடத்தல்காரனை வெறுங்கையால் பிடித்தவர். உலகத்தில் அவர் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

அம்மா!

பிணத்தைத் தொட்டுவிட்டு வந்தால் குளிக்காமல் வாசல்படி ஏறக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். மாதுங்காவில் அவர்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதோ காலையிலும் சாயங்காலமும்தான். போன மாசம் ஒரு பிணத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பினார். குழாய் வரும்வரை உடுப்போடு வாசலில் நின்றார். மாடி வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் பஞ்சு பிணங்களை இரண்டு அடி தள்ளி நின்றே பரிசோதித்தார்.

லோபோவையும் அப்படித்தான் பார்த்தார். முகம் வெளிறிக் கிடந்தது. துணி அறைக்கு அடுத்தது ஐஸ் அறை, உள்ளே நல்ல குளிர். நாடி இருக்கிறதா என்று பஞ்சு கேட்டார். இல்லை என்றார் ஹாப்கின்ஸ். டாக்டரே சொன்ன பிறகு அதைச் சரிபார்ப்பது மரியாதையில்லை என்று பஞ்சுவின் மனசு சொன்னது. குழாயும் சொன்னது.

நெற்றியில் இருந்த நங்கூரத்தைக் காப்டனே கைக்குட்டையால் எடுத்து ஓர் உறையில் போட்டார். பஞ்சு உறையை மோந்தார்.

சந்தனம்... உரசிய சந்தனம்... கொஞ்சம் கற்பூரமும்...

அவர் மூக்கு அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்தது. வழியில் பர்ஸரின் குமாஸ்தா உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு முன்னால் பயணிகளின் பெரிய வரிசை நின்றது. எல்லார் கையிலும் நங்கூரப் பைகள். எல்லார் முகத்திலும் தாங்க முடியாத சந்தோஷம். ஒருத்தன் செத்த வீட்டில் இத்தனை மலர்ந்த முகங்களைப் பஞ்சு பார்த்ததில்லை.

என்ன விசேஷம் என்று காப்டனைக் கேட்டார்.

காப்டன் சங்கடத்தோடு விளக்கினார். கம்பெனியின் பதினேழாவது விதி அது. பயணத்தில் ஊழியர் யாராவது இறந்துவிட்டால், பயணிகள் தங்கள் கையில் மிஞ்சிய நங்கூரங்களில் பாதியை விதவை நிதிக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுக்கிற கருணையுள்ளவர்களுக்கு மீதிப் பாதியைக் கம்பெனி ரொக்கமாக மாற்றிக் கொடுக்கும்.

"அப்போ யாரும் சாகலேன்னா?"

"ஒரு பென்னிகூடக் கிடையாது" என்றார் காப்டன்.

வரிசையில் நின்ற பார்ஸி கனவான் ஒருவர் தொப்பியைக் கழற்றி, லோபோ எவ்வளவு நல்ல பையன், எவ்வளவு நல்ல சமயத்தில் செத்தான் என்று உருகினார்.

பஞ்சுவின் மூக்கு துணி அறைக்கு எதிர்ப்பக்கத்து அறை ஒன்றின் முன்னால் போய் நின்றது. கதவைத் தட்டினார்.

உள்ளே இருந்தவர்கள் தாராவி அய்யாத்துரையும் அவர் மனைவி பேராச்சியும். அய்யாத்துரைக்குத் தாராவியில் தோல் பை, பெல்ட் செய்கிற பட்டறை. கொழும்பில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மருமகன் தன் பவிசைக் காட்ட இந்த உல்லாசக் கப்பலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான். அய்யாத்துரை எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அவர் பட்ட பாட்டை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேஜைமேல் சின்னச் சந்தனக்கல். ஈரம் இன்னும் காயவில்லை.

"அம்மா, எதிர்த்தாப்பல செத்துக் கிடக்கானே ஸ்டூவர்ட், அவன் நெத்தியில சந்தனம் வெச்சது யாரு?" என்று கேட்டார் பஞ்சு.

பேராச்சி வாயைத் திறப்பதற்குள் அய்யாத்துரை குறுக்கே வந்து நின்றார்.

"நாந்தான் சார் கொன்னேன்."

"கொலையைப் பத்தி நான் இன்னும் கேக்கவே இல்லையே?"

"கேப்பியள்லா. அதான் முந்திச் சொல்லிட்டேன்."

"எதுக்குக் கொன்னேள்?"

"இனாம் கேட்டான் சார். தண்ணி குடுத்தா இனாம். கதவத் தொறந்தா இனாம், மூடுனா இனாம். நேத்து எனக்கு ஒரு தும்மல் வந்துது. பக்கத்துல நின்னு என்னமோ இங்கிலீசுல சொன்னான். நான் ஒத்தத் தும்மலோட நிறுத்திக்கிட்டேன். அப்பவும் கைய நீட்டுதான்."

பஞ்சு அதை ஆங்கிலத்தில் சொன்னதும், வாசலில் கூடிய பயணிகள் ஒரே மாதிரித் தலையாட்டினார்கள். டச்சுக்காரர் ஒருவர் உள்ளே வந்து அய்யாத்துரையின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

"சரி, எப்படிக் கொன்னேள்?"

அய்யாத்துரை அதை யோசித்து வைக்கவில்லை.

"கழுத்த நெரிச்சேன்."

"கழுத்துல ஒரு காயமும் இல்லையே."

"அப்பம் நெஞ்சுல குத்தியிருப்பேன்."

"நெஞ்சுலயும் ஒண்ணும் இல்லை."

"நீங்களே ஒரு எடம் சொல்லுங்க சார். ஒத்துக்கிடுதேன்."

காரணம் வேறொன்றுமில்லை. விடியற்காலையில் பேராச்சி எழுந்து வெளியே போனதும், சந்தனம் உரசிக்கொண்டு மறுபடி போனதும் அவர் அரைத் தூக்கத்தில் பார்த்தது. காலையில் நெற்றிச் சந்தனம் என்று எல்லாரும் பேசிக்கொண்டதும் அவர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார். தாலி கட்டிய நாளிலிருந்து ஒரு நல்ல சேலைகூட வாங்கிக் கொடுத்ததில்லை. பட்டறையில் தோல் நாற்றத்துக்கு நடுவே நின்று அவளும் ஊசி கோத்துத் தைத்த காசுதான் இன்றைய பவிசு. அவளைத் தூக்கில் போட விட்டுவிட்டுத் தான் மட்டும் தாராவிக்குப் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழுதுவிடுவோமோ என்று பயந்து, விறைப்பாக நின்றார்.

பேராச்சி அவரை ஒரு கையால் ஒதுக்கினாள்.

"சும்மா கெடங்க. ஒரு கோழிய அறுக்கச் சொன்னாலே கண்ண மூடிக்கிட்டு நிப்பிய, நீங்க கொல்லுதியளோ. சார், கேளுங்க. காசு வச்சது நாந்தான். கொல்லுததெல்லாம் நமக்கு வராது."

அவள் சொன்னது இதுதான். கப்பல் ஏறியதிலிருந்து அவளுக்குக் குமட்டல், தலைசுற்றல். லோபோதான் சுடுதண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டுவந்து கொடுத்தான். பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நங்கூரமெல்லாம் புருஷனின் இடுப்புப் பையில். விடியற்காலையில் குடிதண்ணீர் பிடிக்கப் போனபோது, அந்தத் துணி அறையிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வெளியே வந்தார். அவளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கி, கையை வானத்தைப் பார்த்துக் காட்டிவிட்டுப் போனார்.

"எட்டிப் பாத்தேன் சார். கண்ணு மூடிக் கெடக்கான். அப்பன் ஆத்தா பக்கத்துல இல்ல. அழ ஒரு நாதி இல்ல. உசுரோட இருக்கையில குடுக்க முடியல, நெத்திக்காசாவது வைப்பமேன்னு சந்தனம் அரைச்சு ஒட்டுனேன்."

சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. பேர்கூடச் சரியாகத் தெரியாத ஒருத்தனுக்காக அவள் உண்மையாகவே அழுதாள்.

பஞ்சு காப்டனிடம் விளக்கினார். எங்கள் பக்கத்தில் செத்தவரின் நெற்றியில் காசு வைத்து அனுப்புகிற வழக்கம் உண்டு, இது முத்திரை இல்லை, மரியாதை என்றார். காப்டன் நிரம்ப யோசித்து, அதாவது கடைசி டிப்ஸா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று பஞ்சு ஒப்புக்கொண்டார்.

அதை வாங்கிக்கொள்கிறவன் திருப்பி நன்றி சொல்லமாட்டானே என்று காப்டன் சந்தேகப்பட்டார்.

இந்த இடத்தில் பர்ஸர் ஹாப்கின்ஸ் கனைத்தார். இப்போது நினைத்துப் பார்த்தால் மாரடைப்பாக இருக்காது என்றார். சந்தனத்தில் விஷம் கலந்திருக்கலாம். விடியற்காலையில் இந்த அம்மாள் தனியாக அந்த அறைக்குள் இருந்ததற்குத் தானே சாட்சி. இவளைக் கைது செய்துவிட்டால் பெட்டிக்கு ஆணியடித்துவிடலாம் என்றார்.

மாரடைப்பு ஒரு கனைப்பில் விஷமாகிவிட்டது!

ஆனால் பஞ்சுவின் கைகள் கட்டுண்டிருந்தன. டாக்டர் விஷம் என்கிறார். காசு வைத்தேன் என்று அவளே சொல்கிறாள். காப்டன் கைது கைது என்று குதிக்கிறார். இனி அவளை அழைத்துப்போய் லாக்கப்பில் வைப்பதைத் தவிர வழியில்லை. அப்புறம் வழக்கு, ஜெயில், கயிறு... எதுவும் நடக்கலாம்.

பஞ்சு விலங்கை எடுத்தார்.

அய்யாத்துரை தன் இரண்டு கைகளையும் நீட்டினார். பேராச்சி அவற்றைத் தட்டிவிட்டுத் தன் கைகளை நீட்டினாள். வளையல்கள் குலுங்கின.

"வீட்டுச் சாவி எம் முந்தானையில இருக்கு. அவுத்துக்கிடுங்க. மோர் மொளகா பானைக்குள்ள இருக்கு" என்றாள் புருஷனிடம்.

அய்யாத்துரை அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

பஞ்சு உடனே விலங்கை மாட்டவில்லை. சட்டப்படி இன்னும் ஒன்று பாக்கி. உறையைத் திறந்து நங்கூரத்தைக் காட்டினார்.

"அம்மா, நீங்க நெத்தியில வெச்சது இதுதானே? பாத்துச் சொல்லிடுங்கோ."

பேராச்சி குனிந்து பார்த்தாள்.

"இது இல்ல சார்."

"என்னது?"

"செத்தவனுக்குப் பித்தளையா வைப்பாவ? நான் வச்சது ராணி தலை போட்ட வெள்ளி ரூவா."

 அய்யாத்துரையின் அழுகை சட்டென்று நின்றது.

"ராணி தலையா? ஏளா... பெட்டிக்கு அடியில துணியில சுத்தி வச்சிருந்தேனே, அதையா?"

"அதத்தான்."

"ஒரு மோதிரத்துக்கு ஆகும்ளா அந்த வெள்ளி! அத எவனோ ஒருத்தன் நெத்தியில..."

தூக்குக்கயிறு, லாக்கப், ஜெயில் எல்லாம் அவருக்கு மறந்துபோயின. ஒரு ரூபாய்க்காக அந்த மனிதர் பட்ட துக்கத்தைப் பார்த்து, வாசலில் நின்ற மிஸஸ் ஹட்சின்ஸனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பஞ்சு மட்டும் அசையவில்லை.

"நீங்க காசு வெச்சதுக்கப்புறம் அந்த ரூமுக்குள்ள யார் போனா?"

"யாரும் போகல. இந்தத் தொரசானி வந்து கத்துத வரைக்கும் நான் எங்க ரூம் வாசல்ல அந்தச் சாத்துன கதவையே பாத்து உக்காந்திருந்தேன். பொணத்தத் தனியா விடப்படாதுல்லா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒருத்தருமா?"

"ஈ காக்கா போகல சார்."

பஞ்சு மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்.

உள்ளே போனது வெள்ளி.

வெளியே வந்தது பித்தளை.

நடுவில் யாரும் போகவில்லை.

உள்ளே இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் செத்துப்போன ஆள்!

"மை காட்... செத்தவன் சில்லறை மாத்தியிருக்கான்!"

பஞ்சு விலங்கைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு துணி அறையை நோக்கி ஓடினார். பின்னால் காப்டன். அவருக்குப் பின்னால் அய்யாத்துரை, பேராச்சி, பயணிகள். எல்லாருக்கும் முன்னால் போக முயன்றவர் ஹாப்கின்ஸ். பிணத்துக்கு ஓய்வு வேண்டும் என்று அவர் கத்தினார்.

பிணத்துக்கு ஓய்வா?

லோபோ வைத்தது வைத்தபடி கிடந்தான். நெற்றியில் சந்தனத் தடம் மட்டும் மிச்சம்.

கையை வைத்து நாடி பார்த்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். பஞ்சு கையை நீட்டினார். தப்பாக இருந்துவிட்டால்? உண்மையிலேயே பிணமாக இருந்துவிட்டால்? இப்போது பத்து மணி. குழாய் வருவது சாயங்காலம். மாடி வீட்டுப் பெண்கள்...

கையை இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, அய்யாத்துரையிடம் பேசுவதுபோல, பம்பாய் இந்தியில் உரக்கச் சொன்னார். அய்யாத்துரைஜி, வருத்தப்படாதீர்கள், அந்த ராணி ரூபாய் கள்ள ரூபாய், வெறும் ஈயம், பல்லில் வைத்துக் கடித்தால் பள்ளம் விழும் என்றார்.

ஒரு விநாடி ஆயிற்று.

இரண்டு விநாடி...

பிணத்தின் வலது கை மெல்ல மார்பிலிருந்து இறங்கியது. கால்சட்டைப் பைக்குள் நுழைந்தது. ஒரு வெள்ளி ரூபாயை எடுத்தது. கண்ணைத் திறக்காமலே ரூபாயை வாய்க்குக் கொண்டுபோய், கடைவாய்ப் பல்லில் வைத்து ஒரு கடி கடித்தது.

"அஸ்லி ஹை, சாப்" என்றது பிணம். அசல்தானாம்!

அதற்கப்புறம்தான் தான் செத்துப்போயிருப்பது லோபோவுக்கு நினைவு வந்தது. அவசரமாக மறுபடி கைகளைக் கோத்துக்கொண்டான். காலம் கடந்துவிட்டது!

ஹாப்கின்ஸ் ஓடப் பார்த்தார். காப்டன் அவர் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடிக்கிற சந்தர்ப்பத்துக்காக அவர் எத்தனையோ நாவல்களாகக் காத்திருந்தார்.

பேராச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து லோபோ தானாகவே எழுந்து உட்கார்ந்தான்.

"ஏலே, உனக்காக நான் அழுதனே. அதுக்கு என்னலே பதில்?"

லோபோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டான். அன்று அந்தக் கப்பலில் வெட்கப்பட்டவன் அவன் ஒருத்தன்தான்.

மீதியெல்லாம் கடகடவென்று வெளியே வந்தது. இது அவனுக்கு முதல் சாவு அல்ல. கம்பெனிக்கு ஏழெட்டுக் கப்பல்கள். பர்ஸர் கப்பலுக்குக் கப்பல் மாறுவார், லோபோவும் வேறு பேரில் கூடவே மாறுவான். மொம்பாஸாவில் செத்திருக்கிறான். ஏடனில் செத்திருக்கிறான். கொச்சியில் சாகும்போது தும்மல் வந்து கெட்டுப்போக இருந்தது. விதவை நிதி ரொக்கமாக வரும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று பர்ஸர் வாங்கிக்கொள்வார். ஆளுக்குப் பாதி. லோபோவுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

இனாமாக வந்த நங்கூரத்தை மாற்றினால் பர்ஸர் பாதிக்குமேல் பிடித்துக்கொள்கிறார், செத்தால்தான் நாலு காசு பார்க்க முடிகிறது என்று லோபோ குறைப்பட்டுக்கொண்டான். இந்த அம்மாள் மட்டும் நெற்றியில் காசு வைக்காமல் இருந்திருந்தால், ஆணியடித்த பெட்டியில் சௌக்கியமாகக் கரை இறங்கியிருப்பான். அத்தனை வருஷ உத்தியோகத்தில் அசல் வெள்ளியாக அவனுக்குக் கிடைத்த இனாம் இது ஒன்றுதான். கை நிற்கவில்லை, வெள்ளியை எடுத்துக்கொண்டு பையிலிருந்த நங்கூரத்தை அங்கே வைத்துவிட்டான்.

பஞ்சு பேராச்சியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"அம்மா, நீங்க ஆத்துக்குப் போகலாம். உங்களுக்கு இங்க ஒரு வழக்கும் இல்லை."

அய்யாத்துரை மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரறிய அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அவளும் விடுவித்துக்கொள்ளவில்லை.

கொலை இல்லை. பிணம் இல்லை. குற்றவாளிகள் இருவரும் கையில். பஞ்சு திரும்பி நின்று, பயணிகளின் கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.

கைதட்டல் வரவில்லை.

காப்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அறிவிப்புச் செய்தார். பயணத்தில் யாரும் இறக்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன் என்றார். எனவே பதினேழாவது விதி செல்லாது. காலையிலிருந்து ரொக்கம் வாங்கியவர்கள் எல்லாரும் அதைத் திருப்பிக் கட்டிவிட்டுத் தங்கள் நங்கூரங்களைப் பெற்றுக்கொண்டு சந்தோஷமாக இறங்கலாம் என்றார்.

நடைவழி முழுக்க ஒரு முணுமுணுப்பு ஓடியது.

மிஸஸ் ஹட்சின்ஸன் தன் கைப்பையிலிருந்த நோட்டுகளைப் பார்த்தாள். லோபோவைப் பார்த்தாள். குடையை இறுக்கிப் பிடித்தாள்.

டச்சுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். காலையில் தொப்பியைக் கழற்றி உருகிய பார்ஸி கனவான், பையன் ஒரு தடவை ஒத்துக்கொண்ட பிறகு சாகாமல் இருப்பது கண்ணியமில்லை என்றார். பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். ஒருவர் தீயணைக்கும் வாளியைக் கையில் எடுத்தார். இவனைப் பிழைக்க வைக்கச் சொல்லி உன்னை யார் கேட்டது என்று பல பாஷைகளில் பஞ்சுவைக் கேட்டார்கள்.

பஞ்சு லோபோவைத் துணி அறைக்குள் தள்ளி, கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். லோபோவின் உயிருக்கு இப்போதுதான் முதல் முறையாக ஆபத்து!

"சாப், முஜே பச்சாவ்" என்று, காப்பாற்றச் சொல்லி, உள்ளேயிருந்து அழுகுரல் கேட்டது.

அந்த நெருக்கடியிலும் பஞ்சு கடமையை மறக்கவில்லை. லோபோவிடமிருந்து பிடுங்கிய வெள்ளி ரூபாயை, கூட்டத்தின் தலைக்கு மேலே கையை நீட்டிப் பேராச்சியிடம் கொடுத்தார். கோர்ட்டுக்கு நங்கூரமே போதும், இது உங்களுடையது என்று கத்தினார்.

அய்யாத்துரையின் கை பாய்ந்து வந்தது. பேராச்சி அதைப் பிடித்து நிறுத்தினாள்.

குடையையும் வாளியையும் ஏற இறங்கப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள்.

"வச்ச நெத்திக்காசத் திருப்பி வாங்கப்படாது சார். அவன்கிட்டயே குடுங்க... அட்வான்ஸா இருக்கட்டும்."